ஏழாம் பகுதி: தெரியாதவை

ரூபனின் உடம்பில் ஆறரை லிட்டர் தண்ணீர் கூடுதலாக இருந்தது. எடைக்கருவி அப்படிச் சொன்னது. வீங்கிக் கிடந்த கணுக்கால்களும் அதையே சொல்லின. புயலில் முத்துத்துறையின் இரண்டு பாலங்களும் போய், ஐந்து நாளாக யாரும் எங்கும் நகர முடியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் அந்த நிலையத்தின் பதினான்கு நாற்காலிகளிலும் அன்று காலை உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே இரண்டு தவணையைத் தவறவிட்டவர்கள்.

நிலையத்தின் டெக்னீஷியன் இசக்கிராஜ், ரூபனின் கையில் ஊசிகளைப் பொருத்திவிட்டு, இயந்திரத்தின் தலைப்பகுதியில் இருந்த, கேட்டதற்கு விடை சொல்லும் பேசும் திரையான விளக்கியிடம் கேட்டான்.

"ஆறரை லிட்டர். ரெண்டு தவணை விட்டுப்போச்சு. எவ்வளவு நேரத்துல எடுக்கணும்?"

"நான்கு மணி நேரத்தில் எடுக்கலாம்" என்றது விளக்கி. தயக்கமே இல்லாத இனிமையான குரல். "ஆதாரம்: வடிகால் கையேடு, ஏழாம் பகுதி."

பக்கத்தில் நின்ற ரூபனின் மனைவி ஜெர்லினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வடிகால் அவள் எழுதிய நிரலகம், அந்த இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள். கையேடும் அவள் எழுதியதுதான். அதன் ஏழாம் பகுதியில் விடை என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பகுதிக்கு அவள் வைத்திருந்த தலைப்பே 'தெரியாதவை'.

"தம்பி, நிறுத்துங்க. நாலு மணி நேரத்துல ஆறரை லிட்டர் எடுத்தா ஆளு தாங்க மாட்டாரு. இவரு எடைக்கு மணிக்கு எண்ணூறு மில்லிதான் கணக்கு. இது ஆயிரத்தி அறுநூறுக்கு மேல போவுது."

"கையேட்டுல இருக்குன்னு சொல்லுதுல்லாம்மா."

"அந்தக் கையேட்ட எழுதுனதே நான்தான் தம்பி."

இசக்கிராஜ் நல்ல பிள்ளை. பெரியவர்களை எதிர்த்துப் பேசமாட்டான். "அப்படியா? கொஞ்சம் இருங்க, கேட்டுருதேன்" என்று பணிவோடு சொல்லிவிட்டு விளக்கியின் பக்கம் திரும்பினான். "இந்தம்மா சொல்லுதது சரியா?"

"இல்லை" என்றது விளக்கி. "கையேட்டோடு முரண்படுகிறது."

அவன் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஜெர்லினுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. தன் பிள்ளைக்குப் பெயர் என்ன என்று பெற்றவள் சொல்ல, பக்கத்து வீட்டில் விசாரித்து இல்லை என்கிறான் ஒருவன்!

வடிகால் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் அவள் கோபம் புரியும். பதினாறு வருடத்துக்கு முன்பு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ரூபனுக்குச் சிறுநீரகம் போனபோது, ஊரில் ஒரே ஒரு சுத்திகரிப்பு இயந்திரம்தான் இருந்தது. அது ஓடாத நாட்கள் அதிகம். உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து பார்க்க அதை விற்ற கம்பெனி விடவில்லை. ஜெர்லின் பிடிவாதக்காரி. உடம்பிலிருந்து நீரை வடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிரலைத் தானே எழுதினாள். யார் வேண்டுமானாலும் எடுத்து, திருத்தி, தங்கள் இயந்திரத்தில் பொருத்திக்கொள்ளலாம் என்று திறந்த மூலமாக வெளியிட்டாள். இப்போது இரண்டாயிரத்து முந்நூறு நிலையங்களில் அதுதான் ஓடுகிறது.

நிரல் எழுத ஆறு மாதம் ஆனது. கையேடு எழுத ஏழு வருடம். ஏனென்றால் கையேட்டை அவள் தனியாக எழுதவில்லை. மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் எழுத வைத்தார்கள். தர்மபுரியிலிருந்து ஒருவர், "எடை என்று போட்டிருக்கிறீர்களே, செருப்போடா, செருப்பில்லாமலா?" என்று கேட்டிருந்தார். ஜெர்லின் சிரிக்கவில்லை. 'செருப்பைக் கழற்றிவிட்டு, உடுத்திய துணியோடு' என்று அன்றைக்கே சேர்த்தாள். மன்னார்குடியிலிருந்து ஒரு நர்ஸ், "நோயாளி சும்மா சும்மா கொட்டாவி விடுகிறார், தூக்கம்தானே?" என்று எழுதினாள். இல்லை, இரத்த அழுத்தம் விழப்போகிறது என்பதற்கு அது அடையாளம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அதையும் சேர்த்தாள். ஒவ்வொரு முட்டாள் கேள்வியும் ஒரு நல்ல வரியாக மாறியது. முட்டாள் கேள்வி என்று ஒன்று கிடையாது, அரைகுறையாக எழுதப்பட்ட வரிதான் உண்டு என்பது அவள் கட்சி.

எதற்கெல்லாம் தன் நிரலிடம் விடை இல்லையோ, அதையெல்லாம் ஏழாம் பகுதியில் போட்டாள். 'இரண்டு தவணை தவறினால் எவ்வளவு வேகத்தில் எடுப்பது? இந்த நிரலகத்துக்குத் தெரியாது. மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கேட்காமல் தொடங்காதே.' நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் டாக்டர் அவசரமாகக் கூடுதல் நீரை எடுக்கச் சொல்வார் என்பதால் நிரல் அந்த இடத்தில் தடுக்காது. கையேடுதான் தடுக்க வேண்டும். மொத்தக் கையேட்டிலும் அவளுக்குப் பெருமை அந்தப் பகுதியில்தான். தெரிந்ததை எவனும் எழுதிவிடுவான்.

பிறகு விளக்கி வந்தது. உலகத்தில் உள்ள எல்லா நிரலகங்களின் கையேடுகளையும் விழுங்கிவிட்டு, கேட்டதற்கெல்லாம் விடை சொன்னது. 'இனிப் படிக்க வேண்டாம், கேட்டால் போதும்' என்று சுவரெல்லாம் விளம்பரம். சனங்களுக்குக் கசக்குமா? ஒரே வருடத்தில் கையேடு படிக்கும் வழக்கமே ஒழிந்தது. ஜெர்லினுக்கு வந்துகொண்டிருந்த கேள்விகளும் குறைந்தன. வாரத்துக்கு நாற்பது, பிறகு நாலு, பிறகு ஒன்றும் இல்லை. நான்கு வருடமாக ஒரு கடிதம்கூட இல்லை. 'அவ்வளவு நன்றாக எழுதிவிட்டோம் போல' என்று அந்த மடச்சி பூரித்துப்போயிருந்தாள். அமைதியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது விளக்கியின் திரையை வெடுக்கென்று தன் பக்கம் திருப்பி, ஏழாம் பகுதியைத் திறந்தாள்.

'இரண்டு தவணை தவறினால், தேங்கிய நீர் முழுவதையும் வழக்கமான நான்கு மணி நேரத்திலேயே எடுக்கலாம். எடை பார்க்கும்போது செருப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.'

அவள் நடை. அவள் வார்த்தை. செருப்பைக்கூட விடவில்லை. ஆனால் அதை எழுதியது அவள் இல்லை. பகுதியின் தலைப்பு 'மேலும் சில விடைகள்' என்று மாறியிருந்தது. 'தெரியாது' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

"எந்தக் களவாணிப்பய இதுல கைய வச்சான்?" என்று கத்தினாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, மெதுவா" என்றான் ரூபன். "எனக்குத்தான் கொதிப்பு ஏறக்கூடாது, ஒனக்கு எதுக்கு?"

"மாத்துனது யாருன்னு காட்டு" என்று விளக்கிக்கு உத்தரவிட்டாள்.

விளக்கி ஒளிக்கவில்லை. அதற்கு ஒளிக்கத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு, கையேடுகளுக்கு நிறைவுப் புள்ளி போடும் முறை வந்தது. விடையில்லாத கேள்வி ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். தொண்ணூறுக்குக் கீழே போனால் மருத்துவமனைகளில் அந்த நிரலகத்தைப் பொருத்தக் கூடாது. வடிகாலுக்கு அறுபத்து மூன்று. தெரியாது என்று முப்பத்தேழு இடத்தில் எழுதியிருந்ததே, அதற்குத் தண்டனை! 'முப்பத்தேழு இடங்களில் விடை இல்லை. நிரப்பலாமா?' என்று விளக்கி நிரலகத்தின் பொறுப்பாளரைக் கேட்டிருந்தது. அதற்குக் கீழே பதிவு இருந்தது.

ஒப்புதல் அளித்தவர்: ஜெர்லின். வாசித்த நேரம்: நான்கு நொடி.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பெயர் மாறவில்லை. அந்த நாள் ஞாபகம் வந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது கைபேசி துடித்தது. ஏதோ புள்ளி, ஏதோ நிரப்பல், வழக்கமான தொல்லை என்று 'சரி'யை அழுத்திவிட்டு அரிசிப் பையை விரித்தாள். எவனும் கையேடு படிப்பதில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் பொருமிக்கொண்டிருந்தவள், தன் கையேட்டில் வந்த முப்பத்தேழு பொய்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். வேறு யாராவது செய்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பாள். தன் கழுத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

ரூபன் கொட்டாவி விட்டான்.

ஜெர்லின் திரும்பினாள். அவன் இன்னொரு கொட்டாவி விட்டான். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

"எதுக்குட்டி ஃபேன நிறுத்துன?" என்றான். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் யாரையும் கேட்கவில்லை. இயந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த சிவப்புக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நீர் எடுப்பது நின்றது. எச்சரிக்கை மணி அலறியது.

"எம்மா! என்ன காரியம் பண்ணுதிய?" இசக்கிராஜ் ஓடிவந்தான்.

"பிரஷரப் பாருலே மொதல்ல!"

பார்த்தான். மேல் அளவு எழுபத்தெட்டு. அவன் முகமும் வெளுத்துவிட்டது. விளக்கியிடம் எதையும் கேட்காமல், அன்றைக்கு முதல் தடவையாகத் தன் மூளையால் யோசித்து, ரூபனின் கால்களை உயர்த்தி வைத்து உப்புநீர் பாட்டிலைத் திறந்துவிட்டான். அதற்குள் எதிர் நாற்காலியில் இருந்த பெரியவர் தலை தொங்கிச் சரிந்தார்.

நிலையத்தின் டாக்டர் வானதி ஓடிவந்து நிலைமையைப் பார்த்ததும் பதினான்கு இயந்திரங்களையும் கையால் நிறுத்தச் சொன்னார். பெரியவருக்கு நினைவு திரும்ப ஆறு நிமிடம் ஆனது. ரூபனின் அழுத்தம் மெல்ல ஏறியது. நூறைத் தொட்டதும் அவன் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர்.

"ஒதைப்பேன்" என்றாள் ஜெர்லின். சொன்ன கையோடு அழுதாள்.

ஆனால் அழுவதற்கு நேரம் இல்லை. புயல் முத்துத்துறையை மட்டும் அடிக்கவில்லை. ஐந்து மாவட்டங்களில் சாலை இல்லாமல் இருந்தது. அங்கேயெல்லாம் இன்றைக்குத்தான் நோயாளிகள் வருவார்கள். அத்தனை பேரும் இரண்டு தவணை தவறியவர்கள். அத்தனை இடத்திலும் வடிகால். டாக்டர் வானதி மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விளக்கியிடம் சரிபார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம்" என்றார்.

"இவனுவளக் கட்டி வச்சு அடிக்கணும்" என்றார் டாக்டர். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஜெர்லின் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள். முதலில் கையேட்டைத் திருத்திப் பார்த்தாள். அந்தப் பொய் வரியை அடித்துவிட்டு, 'தெரியாது. மருத்துவரைக் கேள்' என்று பழையபடி எழுதினாள். உடனே பதில் வந்தது: 'இந்தத் திருத்தம் இருக்கும் விடையை நீக்குகிறது. நிறைவுப் புள்ளி நூறிலிருந்து குறையும். ஏற்க இயலாது.'

சரி, கையேடு தடுக்காவிட்டால் நிரல் தடுக்கட்டும் என்று முடிவு செய்தாள். இரண்டோ அதற்கு மேலோ தவணை தவறியிருந்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். டாக்டர் கைரேகை வைத்தால் மட்டுமே ஓட வேண்டும். பன்னிரண்டு வரி. பல்லைக் கடித்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அடித்து முடித்தாள். கையேட்டுக்கு ஒருவர் ஒப்புதல் போதும். ஆனால் நிரலை மாற்ற வேண்டுமென்றால் எழுதியவர் தவிர இன்னொரு பொறுப்பாளரும் சரி என்று சொல்ல வேண்டும். வடிகாலுக்கு இருந்த இன்னொரு பொறுப்பாளர் காயல்பட்டினத்து ரிஸ்வான். எட்டு வருடமாக அவளோடு சேர்ந்து சம்பளமில்லாமல் உழைப்பவன். அனுப்பினாள்.

ஒப்புதல் அளித்தவர்: ரிஸ்வான். வாசித்த நேரம்: மூன்று நொடி.

'திருத்தம் இரண்டாயிரத்து முந்நூறு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது' என்று திரை சொன்னது. ஜெர்லின் நிம்மதியாக மூச்சுவிட்டிருக்க வேண்டும். அவளோ அந்த மூன்று நொடியையே முறைத்துக்கொண்டிருந்தாள். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"படிச்சியா?"

"நீங்க எழுதுனத நான் எதுக்குக்கா படிக்கணும்?" என்றான் ரிஸ்வான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"மூணு நொடியில பன்னெண்டு வரி படிக்க முடியுமாடா? எனக்கு முன்னால இங்க ஒரு மனுசன் சாகக் கெடந்தாரு. நாம படிக்காம 'சரி' போட்டதால. நாமன்னா, நான். இப்பப் படி. சத்தமாப் படி. ஒவ்வொரு வரியா, எனக்குக் கேக்க."

"அதான் போயிருச்சேக்கா..."

"படி!"

அவன் படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரி வரியாகப் படித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்பதாவது வரியில் அவன் குரல் நின்றது.

"எக்கா. தவறுன தவணை ரெண்டுக்குக் கம்மியா இருந்தா நிறுத்துன்னு போட்டிருக்கீங்க."

"ரெண்டோ அதுக்கு மேலயோ."

"இல்லக்கா. கம்மியான்னுதான் இருக்கு. தலைகீழா இருக்கு."

ஜெர்லின் கண்ணைத் திறந்து பார்த்தாள். தலைகீழாகத்தான் இருந்தது. கோபத்தில் அடித்த விரல் பெரிது-சிறிது காட்டும் குறியை மாற்றி அடித்திருந்தது. ஒழுங்காக வந்த நோயாளிகளின் இயந்திரங்கள் எல்லா ஊரிலும் இந்நேரம் நின்றுகொண்டிருக்கும். புயல் ஊர்களில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நிற்காமல் ஓடும். அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

குறியை மாற்றினாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. அவள் படிக்க அவன் கேட்டான், அவன் படிக்க அவள் கேட்டாள். இரண்டு தவணை தவறிய ஆள் வந்தால் என்ன ஆகும், ஒன்று தவறிய ஆள் வந்தால், ஒன்றும் தவறாத ஆள் வந்தால் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். டாக்டர் வானதியும் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கைரேகை வைக்க டாக்டரே இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கேட்டார். நான்கு வருடத்தில் ஜெர்லினுக்கு வந்த முதல் கேள்வி. பக்கத்து ஊர் டாக்டர் தொலைவிலிருந்து வைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தாள். எல்லாம் முடிந்து ரிஸ்வான் 'சரி'யை அழுத்தியபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

திரையில் மஞ்சள் கட்டம் ஒன்று வந்தது.

'வாசித்த நேரம்: பதினொரு நிமிடம். இந்தப் பொறுப்பாளரின் வழக்கமான நேரம்: மூன்று நொடி. இயல்புக்கு மாறான நடத்தை. கணக்கு களவாடப்பட்டிருக்கலாம். பாதுகாப்பு கருதி இந்தத் திருத்தம் ஆறு மணி நேரம் நிறுத்திவைக்கப்படுகிறது.'

"ஆறு மணி நேரமா?" டாக்டர் வானதி எழுந்துவிட்டார். அவர் கையிலிருந்த போனில் மாவட்ட அலுவலகம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விளக்கியிடம் சரிபார்த்துவிட்டார்களாம்; நான்கு மணி நேரம் என்பது சரிதானாம்.

ஜெர்லின் அந்த மஞ்சள் கட்டத்தையே பார்த்தாள். கைபேசியைச் சுவரில் எறியக் கை ஓங்கிவிட்டு, அது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து இறக்கினாள். நிறுத்திவைக்கப்பட்டதை ரத்து செய்தாள். அதே திருத்தத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், புதிதாக மறுபடியும் அனுப்பினாள்.

"ரிஸ்வான், வந்திருச்சா?"

"வந்திருச்சுக்கா. ஒரு நிமிசம், இன்னொரு தடவ முழுசாப் படிச்சிட்டு..."

"படிக்காதடா" என்றாள். குரல் உடைந்தது. "கண்ண மூடிட்டு அழுத்து."

இரண்டு நொடியில் அழுத்தினான். திருத்தம் இரண்டாயிரத்து முந்நூறு நிலையங்களுக்கும் போனது. விரைந்து சரிபார்த்தமைக்கு நன்றி என்றது திரை.